கரையைக் கடந்த பிறகே எங்களுக்குப் புயல்

ஐப்பசி பிறந்துவிட்டால் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவான நாள்முதல் மெரினா, மரக்காணம், கடலூர், நாகை என்று அலையையும் படகையும் மாறி மாறிக் காட்டுகிறார்கள். இன்னும் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, எந்த மணிக்குக் கரையைக் கடக்கும் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே நாள்கள் நகர்கின்றன. கடந்துவிட்டால் "வலுவிழந்தது" என்று ஒரு வரி. அத்தோடு புயல் முடிந்ததாகக் கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கள் கள்ளக்குறிச்சியிலும் பேச்சு வேறில்லை. "நமக்கென்ன, இங்க கடலா இருக்கு? கரையோரத்துச் சனங்க பாடுதான் கஷ்டம். நமக்கு நாலு மழை பெஞ்சா ஏரி ரொம்பும், கிணறு ஊறும்." கடைத்தெருவில் மட்டும் கேட்கும் பேச்சு இல்லை இது. படித்தவர்கள் சொல்கிறார்கள், பொறுப்பில் இருப்பவர்களும் உள்ளுக்குள் நம்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல் கடலோரத்தின் சிக்கல். கரையைக் கடந்ததும் ஆபத்து முடிகிறது. உள்மாவட்டங்களுக்கு அது மழைக் கொடை. இந்த மூன்று நம்பிக்கைகளும் தவறு. உயிரைக் குடிக்கும் அளவுக்குத் தவறு.

2024 நவம்பர் 30 இரவு நடந்ததையும் அடுத்த இரண்டு நாள்களையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஃபெஞ்சல் புயல் அன்று இரவு பத்தரை மணிக்குப் பிறகு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு நகரவில்லை. டிசம்பர் 1 அன்று பல மணி நேரம் புதுச்சேரியை ஒட்டியே ஏறக்குறைய நின்றுவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. புயல் என்ற பட்டத்தை இழந்து அது மெல்ல மேற்கே நகர்ந்தபோது மழையும் கூடவே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரத்தில் 42 செ.மீ. எங்கள் மாவட்டத்துத் திருப்பாலப்பந்தலிலும் மாடாம்பூண்டியிலும் 30 செ.மீ.யைத் தாண்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ.

ஊத்தங்கரை எங்கே, கடல் எங்கே? நேர்கோட்டில் அளந்தாலும் 140 கிலோமீட்டருக்கு மேல். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டின் சராசரி மழை ஏறத்தாழ 44 செ.மீ. ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழையை, கடலையே பார்க்காத ஓர் ஊர், புயல் "முடிந்த" பிறகு ஒரே நாளில் வாங்கியது. திருவண்ணாமலையில் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் புதைந்து மாண்டது டிசம்பர் 1 அன்று. அதாவது புயல் கரையைக் கடந்த மறுநாள். "முடிந்தது" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவையெல்லாம் நடந்தன.

இந்தப் பிழை எங்கே தொடங்குகிறது? அளவுகோலில். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று வானிலைத் துறை படிகள் வைத்திருப்பது காற்றின் வேகத்தைக் கொண்டு. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். அதற்குக் கீழே இறங்கினால் தாழ்வு மண்டலம். மீனவருக்கும் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இந்த ஏணி மிகவும் தேவை. ஆனால் அதில் மழையின் அளவு எந்தப் படியிலும் இல்லை. காற்று பாதியாகக் குறைந்த ஒரு சுழற்சி, கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்தால், முழுப் புயலைவிடப் பலமடங்கு மழையைக் கொட்டிவிடும். அது மெதுவாக நகர்ந்தால் இன்னும் மோசம்; நின்றுவிட்டால் பேரழிவு. ஆகவே "வலுவிழந்தது" என்ற செய்தி காற்றைப் பற்றிய செய்தி மட்டுமே. அதைக் கேட்டு ஆற்றங்கரையில் இருப்பவர் நிம்மதியாகப் படுக்கப் போவது ஆபத்தான நிம்மதி.

இதற்குமேல் எங்கள் பக்கத்து நிலத்தின் அமைப்பு வேறு இருக்கிறது. கடலூர்க் கரையிலிருந்து மேற்கே வந்தால் கள்ளக்குறிச்சி வரை பெரிய மேடு கிடையாது. ஈரக்காற்று தடையில்லாமல் வந்து முதலில் முட்டுவது கல்வராயன் மலையில். வடக்கே சவ்வாது மலை, மேற்கே சேர்வராயன், தெற்கே பச்சைமலை, கொல்லிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டுகள் எல்லாம் கீழைக்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கின்றன. மலைமேல் ஏறும் காற்று குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே இறக்கும். சமவெளியில் அரைநாள் தூறி ஓயும் மழை, கல்வராயன் மேலுள்ள வெள்ளிமலையில் விடிய விடியக் கொட்டுவது இதனால்தான்.

மலையில் விழும் மழை மலையோடு நிற்பதில்லை. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் கல்வராயன் மலை நீரைக் கொண்டு இறங்குகின்றன. மலையடிவாரத்தில் 46 அடிக் கோமுகி அணை, 36 அடி மணிமுக்தா அணை. இரண்டும் சிறிய அணைகள். ஒரு பெருமழை இரவில் நிரம்பிவிடக்கூடியவை. நிரம்பியதும் வருகிற நீரை அப்படியே விடுவதைத் தவிர வழியில்லை. ஆற்றுநீர் கால்வாய்களில் பாய்ந்து ஏரிகளுக்குப் போகிறது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி. அதன் கரை பலவீனமாக இருந்தால் உடைப்பு. இரண்டு ஆறுகளின் நீரும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. கெடிலம் எங்கள் மாவட்டத்தில் பிறந்து கடலூரில் முடிகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் தொடங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாக அதே கடலூருக்குப் போகிறது.

இந்த வரைபடத்தை மனத்தில் வைத்து ஊத்தங்கரையின் 50 செ.மீ. மழைக்குத் திரும்புங்கள். அந்த நீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் விழுந்தது. சாத்தனூர் அணைக்கு வந்தது. 1958இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னர் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் வெளியேறியது. திருக்கோவிலூர், அரகண்டநல்லூர், விழுப்புரத்துக் கரையோர ஊர்கள், கடலூர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளம் புகுந்தது. கடலூர்க்காரர்கள் புயலைக் கிழக்கே எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். கடல் அவர்களை விட்டுவிட்டது. மேற்கிலிருந்து ஆறு வந்து வீட்டுக்குள் நுழைந்தது. 2021 நவம்பரிலும் இதே கதைதான். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தது புயல்கூட இல்லை, வெறும் தாழ்வு மண்டலம். தென்பெண்ணை பல பத்தாண்டுகளில் காணாத வெள்ளத்தோடு ஓடியது.

ஆக, புயல் கடலோரத்தின் சிக்கல் என்ற கருத்து கடலோரத்தையே காப்பாற்றுவதில்லை. கடலூரின் வெள்ளம் கல்வராயனிலும் சவ்வாது மலையிலும் உருவாகிறது. மலையில் எவ்வளவு பெய்கிறது என்று முந்தைய நாளே கவனிக்காதவர் கடற்கரையில் எத்தனை நிவாரண முகாம் திறந்தாலும், வெள்ளம் பின்வாசல் வழியாக வரும்.

ஃபெஞ்சல் ஒரு விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே நுழைந்த கஜா, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்ததோடு நிற்காமல் புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் மலைவரை சென்று அங்கும் உயிர்களை எடுத்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியை மூழ்கடித்த மழைக்குப் புயல் பெயரே கிடையாது. கரையைக் கடக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி ஊர்களை விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையில் நுழைந்தது. அங்கே இறந்த 600க்கும் மேற்பட்டோரில் பெருந்தொகையினர் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவில் புதைந்தவர்கள். கடற்கரையே பார்க்காத தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் வாழ்ந்த நம் மலையகத் தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். கடலில் பிறக்கும் புயல் மலையில் கொல்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

எதிர்த்தரப்பு சொல்லும் வாதங்களில் ஒன்று நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். கடல் கொந்தளித்து ஊருக்குள் ஏறுவதும், நூறு கிலோமீட்டர் வேகக் காற்றும் கரையோரத்துக்கே உரிய ஆபத்துகள். ஆளும் பணமும் குறைவாக இருக்கும்போது முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். புயலுக்கு முந்தைய 24 மணி நேரம் கரையோரத்துக்கே உரியது. நான் கேட்பது அதற்கு அடுத்த 48 மணி நேரத்தை. அந்த நேரத்தில் மீட்புப் படகும் மண்வாரி இயந்திரமும் மருத்துவக் குழுவும் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் புயல் வரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கரையோரத்துக்குக் கொடுத்ததைப் பிடுங்கி எங்களுக்குத் தரச் சொல்லவில்லை. கடமை கரையோடு முடிகிறது என்ற நினைப்பைத்தான் விடச் சொல்கிறேன்.

"நமக்கு மழை நல்லதுதானே" என்ற இரண்டாவது வாதம் எங்கள் விவசாயிகளின் வாயிலிருந்தே வருகிறது. வறண்ட கிணற்றைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் மூன்று மாதத்தில் முப்பது நாளாகப் பெய்யும் மழை வேறு, ஒரே இரவில் இறங்கும் மழை வேறு. முதலாவது ஊறும், இரண்டாவது ஓடும். கார்த்திகையில் மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்கிறது. மரவள்ளியில் நீர் நின்றால் கிழங்கு அழுகுகிறது. கரும்பு சாய்ந்தால் ஆலைக்கு அனுப்பும் செலவு கூடி எடை குறைகிறது. சம்பா நெற்பயிர் மூழ்கினால் அந்த ஆண்டே போயிற்று. ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநில அரசு, நீர் சூழ்ந்த குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் அறிவித்தபோது மூன்று மாவட்டங்களைக் குறிப்பிட்டது: விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி. முதல் இரண்டும் கடலோரம். மூன்றாவதில் ஒரு சாண் கடற்கரைகூட இல்லை. மழை நல்லது மட்டுமே செய்திருந்தால் அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் ஏன் வந்தது?

மூன்றாவது வாதம்தான் மிகப் பரவலானது, மிகக் கெடுதலானது. "வானிலை மையம் சொல்வது எங்கே பலிக்கிறது? புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், மறுபடி ஆகும் என்றார்கள். மத்தியானம் கடக்கும் என்றது ராத்திரி கடந்தது. இவர்கள் பேச்சைக் கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்வானேன்?" ஃபெஞ்சலின்போது கணிப்பு நாளுக்கு நாள் மாறியது உண்மை. காரணம், அந்தச் சுழற்சியைத் தள்ளிச் செல்ல வேண்டிய மேல்காற்றுகள் பலவீனமாக இருந்தன. தள்ளும் காற்று இல்லாத சுழற்சி எந்தப் பக்கம் போகும், எப்போது போகும் என்று உலகத்தில் எந்த மையமும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே நிலைதான் அது ஓரிடத்தில் நின்று கொட்டவும் காரணமாகிறது. கணிப்பு தடுமாறுகிறதென்றால், புயல் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாத நிலை வந்துவிட்டது என்று பொருள். எச்சரிக்கையைக் கைவிட வேண்டிய நேரமா அது? எச்சரிக்கையின் எல்லையை மேற்கே விரிக்க வேண்டிய நேரம்.

ஒருநாள் முன்னதான புயல்பாதைக் கணிப்பில்கூட எழுபது எண்பது கிலோமீட்டர் விலகல் இயல்பு. கடலூர்க் கரையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தொலைவு. கணிப்பின் இயல்பான பிழைக்குள்ளேயே நாம் வாழ்கிறோம். அப்படியிருக்க, கரையில் ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு இந்தப்பக்கம் பயமில்லை என்று எப்படிச் சொல்வது?

இங்கே வானிலை மையத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நவம்பர் 30க்கான சிவப்பு எச்சரிக்கையில் கடலோர மாவட்டங்களோடு கள்ளக்குறிச்சியின் பெயரும் இருந்தது. சொல்ல வேண்டியதை அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெயர் எங்கள் காதில் விழவில்லை, விழுந்தவர்களும் நம்பவில்லை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். அதுவரை காகிதத்தில் நாங்களும் கடலோர மாவட்டத்துக்காரர்கள். எல்லையைப் பிரித்ததும் கடலும் எங்களை விட்டுப் போனதாக நினைத்துக்கொண்டோம். ஆறுகளுக்கும் காற்றுக்கும் அந்த அரசாணை தெரியாது.

எச்சரிக்கையை நம்பாததன் விலையை அறிய எங்கள் மாவட்டத்துக் கருணாபுரத்தை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் இந்தப் பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடெங்கும் தெரிந்த பெயர் அது. பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களின் குடியிருப்பு. இறந்தவர்களில் பலரை எரியூட்டியது கோமுகி ஆற்றங்கரையில். சம்பாதிக்கும் கையை இழந்த வீடுகள் அந்த ஆண்டுப் பருவமழையைச் சந்தித்தது வெறும் ஐந்து மாதம் கழித்து. இப்படிப்பட்ட வீட்டுக்கு மழை முன்னறிவிப்பு ஒரு பொழுதுபோக்குச் செய்தி அல்ல. மூன்று நாள் வேலை இருக்காது என்று முன்கூட்டித் தெரிந்தால் அரிசி வாங்கி வைக்கலாம், கூரையைச் சரிசெய்யலாம், மருந்து தீரப் போகிறது என்றால் வாங்கிவரலாம். "நமக்கென்ன" என்பவர்களுக்கு ஒரு நாள் கூலி போனால் தாங்கும். அவர்களுக்குத் தாங்காது.

மலைமேல் நிலைமை இன்னும் கடினம். கல்வராயன் மலைவாழ் மக்களின் சாலை, மருத்துவம், அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தாமாகவே வழக்கு எடுத்து விசாரிக்கும் அளவுக்கு அங்கே குறைகள். ஓடை பெருகினால் துண்டாகும் குக்கிராமத்துக்குக் கைப்பேசி எச்சரிக்கை என்ன செய்யும், கோபுரத்தின் அலையே எட்டாதபோது? சாத்தனூர் அணைத் திறப்புக்கு முன் ஐந்து முறை எச்சரித்தோம் என்று அரசு சொன்னது. நள்ளிரவில், மின்சாரம் இல்லாத ஊரில், தூங்குகிறவரை எட்டாத எச்சரிக்கை கணக்கில் இருக்கும்; உயிரைக் காக்காது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பருவமழை முன்னறிவிப்பை மாவட்ட எல்லையை வைத்துச் சொல்வதோடு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று ஆற்றுப்படுகை வாரியாகவும் சொல்ல வேண்டும். மேலே எவ்வளவு பெய்தால் கீழே எந்த ஊருக்கு எத்தனை மணியில் நீர் வரும் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். கனமழை வாய்ப்பு வலுவாக இருக்கும்போதே அணையில் பகல் நேரத்தில் படிப்படியாக நீரைத் திறந்து இடம் ஒதுக்க வேண்டும். மழை பொய்த்தால் நீர் வீணாகுமே என்பார்கள். கொஞ்சம் நீர் போகலாம். ஆட்கள் போகக் கூடாது. சென்னை, காரைக்கால் ரேடார்களின் கற்றை தொலைவு கூடக் கூட உயரே போய்விடும். மலைகளின் மேல் தாழ்வாகத் திரளும் மேகம் அதற்குச் சரியாகப் பிடிபடாது. ஏற்காட்டிலும் இராமநாதபுரத்திலும் ரேடார் நிறுவப்படும் என்று மாநில அரசு அறிவித்ததன் காரணம் இதுவே. மலைக்கிராமங்களில் மழைமானி படிக்க உள்ளூர் இளைஞர்களைப் பழக்கலாம். கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் மழைக்கு முன்பே கீழே அழைத்துவரலாம். ரேஷன் பொருளை முன்கூட்டியே மலையேற்றலாம். ஒலிபெருக்கியும் தண்டோராவும் பழையவை என்று ஒதுக்கத் தேவையில்லை. அலை கிடைக்காத ஊரில் அவைதான் வேலை செய்யும்.

செய்தி ஊடகங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த புயல் கரையைக் கடந்ததும் கேமராவை மூடாதீர்கள். அன்று இரவே திருக்கோவிலூர்ப் பாலத்துக்கும் கோமுகி அணைக்கும் கல்வராயன் அடிவாரத்துக்கும் வாருங்கள்.

என் மாவட்டத்து மக்களிடம் சொல்வது இதுதான். புயல் வலுவிழந்தது என்ற செய்தி வரும் இரவில் தூங்கப் போகும் முன் மேற்கே மலையில் எவ்வளவு பெய்திருக்கிறது, அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கேளுங்கள். ஆற்றோரத்தில் இருந்தால் மேட்டுக்குப் போங்கள். பக்கத்து வீட்டு முதியவரையும் கையோடு அழைத்துப் போங்கள். கடல் இல்லாத ஊருக்கும் புயல் வரும். கரையைக் கடந்த பிறகு வரும்.